நுங்கம்பாக்கத்தில் கண்ட சில்வியா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் சிறுகோள்கள் பற்றி வந்த கட்டுரையை எட்டாம் வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். பூமி மேல் பாறை ஒன்று தீப்பிடித்து விழுவது போல அதில் படம். வாசித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், இது நம்ம மேல விழுந்துடுமா?” என்றாள். முகத்தில் நிஜமான பயம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு அவளுக்கு சில்வியா என்ற சிறுகோளைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில், வெளி ஓரத்தில் சுற்றுகிறது. சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கி.மீ. தூரம், ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டு. எவ்வளவு நெருங்கினாலும் நமக்கும் அதற்கும் 30 கோடி கி.மீ.க்கு மேல் இருக்கும். சரி, விழாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிம்மதியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

அது உருண்டை இல்லை, உருளைக்கிழங்கு மாதிரி. ஒரு முனையைச் சென்னையில் வைத்தால் மறுமுனை திருச்சியைத் தாண்டிவிடும். அவ்வளவு பெரியது தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 5 மணி 11 நிமிடம் போதும். ஆனால் அதன் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குகூட இல்லை. கருங்கல் இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கும். “அப்ப அது கல்லே இல்லையா டீச்சர்?” என்றான் ஒருவன்.

பள்ளியில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியைப் பத்து லிட்டர் பக்கெட்டில் விளிம்பு வரை நிரப்பி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நாலு லிட்டர் பிடித்தது! கல்லும் பனியும் கலந்து, நடுநடுவே இப்படி வெற்றிடமும் இருந்தால் எடை குறையும் என்று அதற்கப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு. ரோமுலஸ் 2001-இலும் ரெமுஸ் 2004-இலும் கிடைத்தன. இரண்டு நிலாக்கள் உள்ளதாக முதன்முதலில் தெரியவந்த சிறுகோள் இதுதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சில்வியாவைக் கண்டுபிடித்த இடம் நம் நுங்கம்பாக்கம். அங்கே இருந்த மதராஸ் வான் ஆய்வகத்தில், 1866 மே 16 அன்று, கத்திரி வெயில் நாட்களில், வானியலாளர் நார்மன் போக்சன் அதைப் பார்த்தார். புகைப்படம் கிடையாது, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி இரவுக்கு இரவு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசியா, சாஃபோ, கமில்லா, வேரா ஆகிய நான்கையும் அங்கிருந்தே கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதலில் கண்ட சிறுகோள் என்பதால்தான் ஒன்றுக்கு ‘ஆசியா’ என்று பெயர்.

கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை. அதே பக்கத்தில் இந்த ஐந்தையும் பற்றி எழுதுங்கள். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தீப்பிடித்து விழும் பாறைக்குப் பதிலாக அந்தத் தூணின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
மதுராந்தகம்.