நூல் பிடித்துப் பார்த்த தூரம்

அன்பின் ரவி மச்சான்,

ஏழு மாதமாகக் கடிதம் போடவில்லை. வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற படம் அனுப்பியதையெல்லாம் கணக்கில் சேர்க்காதே. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

விஷயம் இதுதான். சின்னவளுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் புருஷனிடம் வருகிறாள், உங்கள் ஸ்காபரோவுக்கு. தாய்க்காரி அன்றைக்குத் தொடங்கிய அழுகை. “கனடா எவ்வளவு தூரமப்பா?” என்று கேட்டாள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கடல் மைல் எண்ணியவன், பதில் தெரியாமல் முழித்தேன்.

அலுமாரிக்கு மேலே கிடந்த பூகோள உருண்டையை இறக்கித் தூசி தட்டி, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவுக்கு நூல் பிடித்தேன். தோடம்பழத்தை உலகமாகக் காட்டிப் பூகோளம் படிப்பித்த நம் தோடம்பழ மாஸ்டர் பார்த்திருந்தால் பூரித்திருப்பார். சுவரில் தொங்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது ஆபிரிக்காவுக்கு மேலால் போகும். நூலோ, இழுத்துப் பிடித்தால், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று வடக்கே ஏறி, கிறீன்லாந்துப் பனியைத் தாண்டி உன் வீட்டுப் பக்கம் இறங்குகிறது! கட்டுநாயக்கா கிழக்கு நெடுங்கோடு கிட்டத்தட்ட 80, உங்கள் பியர்சன் விமான நிலையம் மேற்கு 80. தோடம்பழத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். குறுக்குவழி காம்புப் பக்கத்தால்தானே வரும்?

நூலைப் பூமத்திய கோட்டில் வைத்து எண்ணினால் 126 பாகை மட்டில். பாகைக்கு 60 கடல் மைல்: 7,560. கிலோமீட்டரில் 14,000. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீட்டர் ஒரே மூச்சில் பறக்கிறார்கள், நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. சின்னவள் டுபாயில் மாறுகிறாள். டுபாய்க்கு 3,300, அங்கிருந்து 11,100. கூட்டிப் பார், சுற்றிப் போவதால் கூடுவது 400 கிலோமீட்டர்தான். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதைவிடக் குறைவு!

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அதெல்லாம் சரி. எனக்கு ஒன்றென்றால் பிள்ளை எத்தனை நாளில் வந்து சேரும்?”

நூலைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் அம்மாவின் செத்தவீடுதான் நினைவுக்கு வந்தது. ரிக்கெற் தேடி, இடையில் காத்துக் கிடந்து, கட்டுநாயக்காவிலிருந்து வான் வண்டியில் ஆறு மணித்தியாலம் வந்து நீ இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டது. முற்றத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், “ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டிருக்கக் கூடாதா?” என்று உன்னை ஏசினேன். நீ ஒரு சொல்லும் பேசாமல் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். பிழை மச்சான். இத்தனை வருஷம் கழித்து, அதுவும் என் பிள்ளை போகிறபோது சொல்கிறேன் பார்.

சரி. 14ஆம் திகதி அவள் வந்து இறங்குகிறாள். மருமகன் நிற்பார்தான், இருந்தாலும் நீயும் விமான நிலையத்துக்குப் போ. தடித்த கோட் ஒன்று கொண்டு போ, இங்கே வாங்கியதைப் பார்த்தால் எனக்கே குளிர்கிறது. உனக்கு மிளகாய்த்தூள் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் சிவா
உப்புவெளி