சோடியம் கசிந்தால் ஊருக்கும் சொல்லுங்கள்

கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலை என்னும் அணு உலையை நடத்தும் பாவினி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2004இல் கட்டத் தொடங்கினீர்கள். 2010இல் மின்சாரம் என்றீர்கள். 2024 மார்ச்சில் பிரதமர் வந்து பார்த்துப் போனார். எரிபொருள் நிரப்ப அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வந்ததோ ஜூலையில்! போகட்டும், தாமதத்துக்காக மல்லுக்கட்ட இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: உலையின் சூட்டைச் சுமந்து ஓடும் திரவ உலோகமான சோடியம் கசிந்தால் எங்கே, எத்தனை கிலோ, ஏன் என்பதை 24 மணி நேரத்துக்குள் தமிழில் வெளியிடுங்கள்.

ஜப்பானின் மொஞ்சு ஈனுலையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1995 டிசம்பர் 8. சூட்டை நீராவிக் கலனுக்குக் கொண்டுபோகும் இரண்டாம் சுற்றுக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த வெப்பமானியின் உறை, விட்டம் சட்டெனக் குறையும் இடத்தில், ஓடும் சோடியத்தின் சுழிப்பு கொடுத்த அதிர்வில் முறிந்தது. முறிந்த முனை விரல் தடிமன்தான். அந்த வழியாகச் சுமார் 640 கிலோ சோடியம் வெளியேறி எரிந்தது. எச்சரிக்கை மணி இரவு 7.47க்கு, உலையை நிறுத்தியது 9.20க்கு. காற்றோட்டக் கருவிகள் ஓடிக்கொண்டே இருந்ததால் வெண்புகை அறை அறையாகப் பரவியது. கதிர்வீச்சால் யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் உலையை நடத்தியவர்கள் விபத்துக் காணொளியை வெட்டிக் காட்டினார்கள். ஊரின் நம்பிக்கை அதில்தான் போனது. உலை மறுபடி ஓட 2010 ஆயிற்று. 2016இல் மூடவே முடிவெடுத்தார்கள்.

உங்கள் வளாகத்துச் சோதனை உலையிலும் 2002இல் 75 கிலோ கசிந்தது. நைட்ரஜன் நிரப்பிய அறை என்பதால் தீப்பிடிக்கவில்லை. நல்ல வடிவமைப்புதான், ஒப்புக்கொள்கிறோம். அதை ஊருக்குச் சொன்னால் உங்களுக்குத்தானே பெருமை?

புதிய உலையில், எரிபொருளின் சூட்டை நேரே வாங்கும் முதன்மைச் சுற்றில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் சோடியம். நீராவிக் கலனில் ஒரு குழாய் ஓட்டையானாலும் தண்ணீர் இரண்டாம் சுற்றுச் சோடியத்தில் பாய்ந்து ஹைட்ரஜனும் காரமும் கிளம்பும். வெளியில் எரிந்தால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர் தூள்தான் போட வேண்டும். தீ என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற சதுரங்கப்பட்டினத்துக்காரருக்கு இதை யார் சொல்வது? மக்களுக்குப் புரியாது என்பீர்கள். விழா மேடையில் "மூன்று கட்ட அணுசக்தித் திட்டம்" மட்டும் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது போலும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஒரே பக்கம் போதும்: எந்தச் சுற்று, கசிந்த எடை, தீ உண்டா, புகை வேலிக்கு வெளியே வந்ததா, காரணம். முதல் நாள் எடை தெரியாவிட்டால் "கணக்கிட்டு வருகிறோம்" என்றே போடுங்கள், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். சோடியம் கசிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலிக்கு வெளியே வாழ்பவர்கள்