என்னைத் தப்பாகக் கணிக்க விட்டவர்களுக்கு நன்றி

ஆறு மாதம் வானிலை முன்னறிவிப்பு மையத்தில் தன்னார்வலராக இருந்துவிட்டு நேற்றோடு கிளம்பியாச்சு. நேரில் நன்றி சொல்லலாம் என்றால் எல்லோரும் ஷிப்ட் மாறுகிற அவசரத்தில் இருந்தார்கள், எனக்கும் வாய் வரவில்லை. அதனால் இங்கே.

முதலில் எங்கள் பேராசிரியருக்கு. "விளம்பரம் வரட்டும்னு காத்திருக்காதே, நீயே எழுதிக் கேள்" என்று அவர் சொல்லாவிட்டால் மாணவர்களை இப்படிச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. சம்பளம் இல்லை, வாரம் இரண்டு நாள், தேர்வு வந்தால் விடுப்பு, அவ்வளவுதான்.

பலூன் விடும் அண்ணனுக்கு: உலகம் முழுக்க, சர்வதேச நேரம் 00 மணி, 12 மணி நேரத்து மேல்காற்றுத் தரவுக்காக, அளவெடுக்கும் கருவியைத் தொங்கவிட்டபடி பலூன்கள் ஏறுகின்றன என்று பாடத்தில் படித்திருந்தேன். காற்று பிடுங்கும்போது அதன் கழுத்தை எப்படிப் பிடிப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நான் விட்ட முதல் பலூன் வேலிக் கம்பியில் உரசி, கருவியை அங்கேயே தொங்கவிட்டது. நீங்கள் திட்டவில்லை. இன்னொன்றை நிரப்பிக்கொண்டு வந்து, "காத்து எந்தப் பக்கம்னு முதல்ல பாரு" என்றீர்கள். அப்புறம் அது சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும்வரை, வேறு வேலை கிடந்தாலும், திரையில் கோடு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணிக்கக் கற்றுக்கொடுத்த மேடம், உங்களுக்குத்தான் பெரிய நன்றி, கொஞ்சம் கோபமும் உண்டு. வந்த முதல் நாளே "கம்ப்யூட்டர் மாடலோட கணிப்பைத் திறக்காதே" என்றீர்கள். வெளியே போய் வானத்தைப் பார், நிலைய அளவீடுகள், செயற்கைக்கோள் படம், பலூன் தரவு எல்லாம் பார், உன் கணிப்பை நோட்டில் எழுது, மாடல் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஒருநாள் ரேடாரில் வளையமாகச் சிவப்பு தெரிந்ததும் கனமழை என்று எழுதிவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அந்த வளையத்துக்குள் இருந்த நிலையத்தைக் கூப்பிடச் சொன்னீர்கள். அங்கே வெறும் தூறல். மேகத்திலிருந்து விழும் பனிச்சீவல்கள் உருகும் உயரத்தில் மேலே ஈரம் பூசிக்கொள்வதால் ரேடாருக்குப் பெரிய துளிகள் போலத் தெரிகின்றன என்று அன்றைக்குப் புரிந்தது, இனி மறக்காது.

மாதக் கடைசியில் நோட்டை எண்ணச் சொன்னது அதைவிட வலித்தது. மழை வாய்ப்பு 70 சதவீதம் என்று நான் எழுதிய நாட்கள் 20, மழை பெய்தது 9. "பதினாலு பக்கம் வந்திருக்கணும். இருபதும் பெய்திருந்தாலும் தப்புதான், பயந்து குறைச்சுப் போட்டிருக்கேன்னு அர்த்தம்" என்றீர்கள். வாய்ப்புக் கணிப்பைப் பற்றி இத்தனை சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரவு ஷிப்ட்காரர்களே, எச்சரிக்கையில் மாணவர் கை படக்கூடாது என்ற விதியில் எனக்கு முதலில் வருத்தம் இருந்தது. அந்தப் புயல்மழை இரவில் உங்கள் முகங்களைப் பார்த்த பிறகு இல்லை. எனக்குத் தொலைபேசியைக் கொடுத்தீர்கள், "எத்தனை மில்லிமீட்டர்? மழைமானியில் பார்த்தீங்களா, குத்துமதிப்பா?" என்று விடியும்வரை கேட்டுக் கேட்டுக் குறித்தேன். கொட்டும் மழையில் டார்ச்சோடு போய் மானியைப் பார்த்துச் சொன்ன, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

நோட்டை நான் எடுத்துவரவில்லை, மேடம், உங்கள் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நாளைக்கு 30 சதவீதம் என்று எழுதியிருக்கிறேன். என்ன ஆச்சு என்று யாராவது குறித்துவிடுங்கள்.