பூவை நம்பாத தோட்டம்: பினாங்கிலிருந்து அத்தைக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு, மலேசியா

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். உங்கள் நலத்தையும் மாமாவின் நலத்தையும் அறிய ஆவல். திருமங்கலம் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி முடித்துவிட்டீர்கள் என்றும், வாசலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடத்தில் என்ன செடி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் என் கணவர் சொன்னார். மல்லிகையும் செம்பருத்தியும் நீங்கள் எப்படியும் வைப்பீர்கள். அவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. நான் எழுத நினைப்பது, பூக்கும் பருவத்துக்குக் காத்திராமல் இலையாலேயே ஆண்டு முழுவதும் நிறம் காட்டும் செடிகளைப் பற்றி. அவற்றின் அருமை எனக்கு இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டின் முன்னால் ஒரு கார் நிற்கும் இடமும், அதை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்கு மண்ணும்தான் உண்டு. இருந்தும் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அந்த மண் சும்மா கிடப்பதில்லை. நம் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்தால் இங்கே 2,400 வரை பெய்கிறது. சித்திரை, ஐப்பசி என்ற பேதமின்றிப் பகல் வெப்பம் 31, 32 டிகிரியிலேயே நிற்கிறது. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. அதனால் நம் ஊரில் தொட்டியில் வைத்துத் தாங்கித் தாங்கி வளர்க்கும் செடிகள் இங்கே வேலி உயரத்துக்கு வளர்கின்றன. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்திலேயே 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கும் போய்வருவது எங்கள் வழக்கம். எந்தச் செடி எவ்வளவு நிழலில் நிற்கிறது என்று பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எங்கள் வாசலில் முதலிடம் குரோட்டன்ஸுக்குத்தான். இந்தோனேசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரந்து கிடக்கும் பகுதியே அதன் தாய்மண். ஒரே செடியில் எத்தனை நிறம் என்பதை அருகே நின்று பார்த்தால்தான் தெரியும். நுனியில் விரியும் இளந்தளிர் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள இலையில் நரம்புகள் மட்டும் ஆரஞ்சு நிறம் கொள்கின்றன. இன்னும் கீழே போகப் போக அந்த நிறம் நரம்பை விட்டுப் பரவி, அடியில் உள்ள முற்றிய இலை கருஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. ஆனால் இந்த நிறம் எல்லாம் வெளிச்சத்தின் கொடை. நிழலில் வைத்தால் புதிதாக வரும் இலைகள் பச்சையாகவே நின்றுவிடும். ஆகவே நிறம் மங்கும் குரோட்டன்ஸுக்கு உரம் போடுவதை விட, அதை வெயில் படும் இடத்துக்கு நகர்த்துவதே நல்லது. இடம் மாற்றினாலும் வேர் காய்ந்தாலும் அது இலைகளைக் கொட்டிவிடும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள், தண்டு பச்சையாக இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

இதற்கு நேர்மாறாக நிழலை விரும்புபவை கலாடியமும் அக்லோனிமாவும். நம் சேப்பங்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்த கலாடியத்தின் இலை வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, பின்னால் கையை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருப்பதால், நேர் வெயில் பட்டால் கருகிவிடும். நம் ஊரில் அவற்றைப் போர்டிகோவுக்குள், வெளிச்சம் வந்து வெயில் வராத இடத்தில்தான் வைக்க வேண்டும். நீர் குறையும் காலத்தில் கலாடியம் இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். மழை வந்ததும் தானே எழும்.

காகிதப்பூவில் மட்டும் நம் ஊரே இந்த ஊரை வெல்கிறது. நிறமாகத் தெரிவது பூவே இல்லை, மூன்று இலைகள்தான்; உண்மையான பூ அவற்றின் நடுவே சிறு வெள்ளைக் குழலாக நிற்கிறது. வேர் சற்றுக் காய்ந்தால்தான் அது பூத்துக் குலுங்கும். இங்கே மழை குறைவான ஜனவரி, பிப்ரவரியில் தெருவெல்லாம் பூக்கிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் இலையும் முள்ளுமாக நீளுகிறது. வேறெதுவும் தாங்காத மேற்குச் சுவர் ஓரத்துக்கு அதைவிடப் பொருத்தமான செடி கிடையாது, அத்தை.

இட்லிப்பூச் செடியின் தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது என்று என் கணவரிடம் சொன்னீர்களாம். அது நோய் அன்று. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணிலும் போர் தண்ணீரிலும் செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் போவதால் வருவது. இங்கே மண் புளிப்புத் தன்மை உடையது என்பதால் அதே செடி கவனிப்பார் இல்லாமலே சாலையோரத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. மழைநீர்த் தொட்டியில் சேரும் தண்ணீரை முதலில் அதற்கு ஊற்றுங்கள். மக்கிய எருவும், உரக்கடையில் கிடைக்கும் இரும்புச் சத்துக் கலவையும் இட்டு, தூரைச் சுற்றித் தென்னை நாரோ சருகோ பரப்பிவிட்டால் புதுத் தளிர் பச்சையாக வரும்.

தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம். டெங்கு அச்சத்தால் இங்கே சுகாதாரத் துறையினர் வீடு வீடாகப் பார்த்துக் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது; நம் வீட்டிலும் அதைக் கடைப்பிடிக்கலாம். குரோட்டன்ஸ் பால் தோலில் பட்டால் எரியும், கலாடியம் இலையைக் கடித்தால் நாக்கு வீங்கும் என்பதால் குழந்தைகள் வரும்போது கவனமாக இருங்கள்.

இங்கிருந்து கிளை ஒடித்துக் கொண்டுவர எனக்கு ஆசைதான். ஆனால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இன்றிச் செடிகளை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வேற்று நாட்டுப் பூச்சி ஒன்று மல்லிகைத் தோட்டங்களுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போது அது சரியான சட்டம் என்றே படுகிறது. நல்ல குரோட்டன்ஸ் ஒன்றை நம் ஊர் நர்சரியிலேயே வாங்குங்கள். மழைக்காலத்தில் அதன் கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரத் தென்னை நார்க் கழிவை வைத்து பாலித்தீன் தாளால் இறுகக் கட்டி விண்பதியம் போட்டால், ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் வேர் விட்டுவிடும். ஒரு செடியிலிருந்தே சுவர் நெடுகிலும் வைத்துவிடலாம்.

சுவரின் எந்தப் பக்கத்தில் எத்தனை மணி வரை வெயில் நிற்கிறது என்று மாமாவை ஒரு நாள் பார்த்துக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். அது கிடைத்ததும் எந்த இடத்தில் எதை வைப்பது என்று படம் வரைந்து அனுப்புகிறேன். நடவை மட்டும் கத்திரி வெயிலுக்குள் தொடங்க வேண்டாம். ஐப்பசி மழை வரட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்