ரயில் வரும்வரை கடைசி பஸ் நிற்கட்டும்: மலையகப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே திணைக்களத்திலும், இலங்கைப் போக்குவரத்துச் சபையிலும், மத்திய, ஊவா மாகாணங்களில் பயணிகள் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளிலும் பொறுப்பு வகிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த மடலில் நான் புதிய ரயில் பாதை கேட்கவில்லை. புதிய பெட்டிகளும் கேட்கவில்லை. மாலையிலோ இரவிலோ மலையக நிலையம் ஒன்றில் ரயிலைவிட்டு இறங்குகிறவர், தாம் வாழும் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸில் ஏறி வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. இது நிறைவேறுவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஆனால் இரண்டு மூன்று அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். அது இன்றுவரை நடக்காததால்தான் உங்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

ரயில் ஹட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்தது. தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவும், தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியை மேலே ஏற்றவுமே அந்தப் பாதை முதன்மையாகப் பயன்பட்டது. அதனால் தோட்ட வீதிகள் எல்லாம் நிலையங்களை மையமாகக் கொண்டே பிரிந்து செல்கின்றன. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக ஒரு வீதி பொகவந்தலாவைக்கும் இன்னொன்று மஸ்கெலியா, சாமிமலைப் பக்கமும் போகின்றன. தலவாக்கலையில் இறங்குகிறவர்கள் லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம என்று போகிறார்கள். அப்புத்தளையில் இறங்கி கொஸ்லந்தைக்குப் போகிறவர்களும், பதுளையில் இறங்கிப் பசறை, லுணுகலைப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் எவருடைய பயணமும் ரயில் நிலையத்தோடு முடிவதில்லை. ரயிலில் வந்த தூரம் குறைவாகவும், அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும் நேரம் அதிகமாகவும் இருப்பவர்கள்கூட உண்டு. அப்படியிருந்தும் ரயிலுக்கு ஒரு நேர அட்டவணை, பஸ்ஸுக்கு வேறொரு நேர அட்டவணை, இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன.

என் பெரியம்மாவைக் கண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றுவிட்டுத் திரும்பிய ஒரு மாலையை இங்கே சொல்ல வேண்டும். எந்த நிலையம் என்று குறிப்பிடப் போவதில்லை, ஏனென்றால் இது எந்த நிலையத்திலும் நடக்கக்கூடியது. ரயில் தாமதமாகத்தான் வந்தது. மருந்துப் பையையும் எக்ஸ்ரே உறையையும் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்திருந்த படிகளில் அவர் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி வாசலுக்கு வந்தபோது, எங்கள் பக்கத்துக் கடைசி பஸ்ஸின் பின்விளக்குகள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. ரயில் வந்து நின்ற சத்தம் பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. நேரக் காப்பாளர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் நின்றால் அபராதம். நடத்துநரையோ சாரதியையோ நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்கு விதிக்கப்பட்டதைச் செய்தார்கள். பெரியம்மாவைப் போல நின்றவர்கள் அன்று பலர். சிலர் சேர்ந்து முச்சக்கர வண்டி பிடித்தார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துப் பெறும் சம்பளத்தின் பெரும்பகுதி அந்த ஒரு பயணத்தில் போய்விடுகிறது. தனியாக வரும் ஒரு பெண்ணோ, விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒரு மாணவியோ அந்த நேரத்தில் என்ன செய்வார் என்பதை நீங்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரயில் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது, எனவே பஸ்ஸைக் காக்க வைக்க முடியாது என்று ஒரு பதில் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலப்பிட்டிக்கு மேலே ரயில் ஒற்றைத் தண்டவாளத்தில்தான் ஏறுகிறது. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கான அனுமதி அடையாளமாகிய டேப்லெட் என்ற உலோக வில்லையைச் சாரதி கையில் பெற்றால்தான் ரயில் நகரும். அந்த டேப்லெட்டைக் கருவியிலிருந்து எடுப்பதற்கு அடுத்த நிலையத்தின் நிலைய அதிபர் சம்மதம் கொடுத்தாக வேண்டும். எனவே ஹட்டனை நோக்கி ஒரு ரயில் முந்தைய நிலையத்தை விட்டுப் புறப்படுவது ஹட்டன் நிலைய அதிபருக்குத் தெரியாமல் நடக்கவே முடியாது. அதற்கும் முன்பே, ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டிவிட்டது என்ற செய்தி ஒன்றே போதும், ஏனென்றால் அங்கிருந்து ஹட்டனுக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பிரித்தானியர் காலத்து முறை என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்ளும் இதே ஏற்பாடு, பஸ் நிலையத்துக்குத் தேவையான தகவலை நாள்தோறும் நிலைய அதிபரின் மேசையில் வைத்துவிடுகிறது. அந்த மேசைக்கும் பஸ் நிலையத்து நேரக் காப்பாளரின் கூண்டுக்கும் இடையே ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும்தான் இல்லை.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை, ஹட்டனில் இதே ஏற்பாட்டைப் பார்க்கிறோம். ரயிலில் வரும் யாத்திரிகர்களுக்காக, மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் நிலையத்தருகே காத்து நிற்கின்றன. நள்ளிரவு கடந்து இரவு அஞ்சல் ரயிலில் வந்து சேருகிறவர்களும் நேராக ஏறிப் போகிறார்கள். மலையேற வருகிறவர்களுக்கு அந்த வசதி கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதை முன்னின்று செய்கிற ஊழியர்களுக்கு நன்றியும் சொல்கிறேன். அதே வீதியில், அதே மஸ்கெலியாவில் ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்களுக்கு மற்ற மாதங்களிலும் அதைத் தர வேண்டும் என்பதே என் வாதம்.

இணைப்பு என்பது எப்படி இருக்க வேண்டும் என்று சென்னை சென்ட்ரலில் பார்த்திருக்கிறேன். நம்மவர்களில் பலர் உறவினரைப் பார்க்கவும் மருத்துவத்துக்கும் கோயில்களுக்கும் அங்கே போய் வருவதால் உங்களில் சிலரும் பார்த்திருக்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அடியில் அமைந்த அந்த மெட்ரோ நிலையத்தில் 2018 மே மாதம் ரயில் ஓடத் தொடங்கியது. 2019 பெப்ரவரியில் இரண்டாவது தடமும் வந்து சேர்ந்தது. ஒரு தடம் மேல் அடுக்கில், மற்றது கீழ் அடுக்கில். மேலே ஒருபுறம் வெளியூர் ரயில்கள் புறப்படும் சென்ட்ரல், எதிர்ப்புறம் புறநகர் ரயில் நிற்கும் பூங்கா நிலையம், கொஞ்சம் தள்ளி பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு முதியவர்கூட யாரிடமும் வழி கேட்காமல், தமிழில் எழுதிய பலகைகளைப் பார்த்தே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிகிறது. நம் நாட்டில் சுரங்க ரயில் கிடையாது. கொழும்பில் ஜப்பானிய நிதியுதவியோடு தொடங்கவிருந்த இலகு ரயில் திட்டமும் 2020இல் கைவிடப்பட்டது. மலையகத்தில் சுரங்கம் தோண்டி நிலையம் கட்டச் சொல்லும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. அங்கே நான் வியந்தது கண்ணாடியையோ நகரும் படிக்கட்டையோ அல்ல. இறங்குகிற ஒருவர் அடுத்து எதில் ஏறப் போகிறார் என்பதை, அந்த இடத்தை வடிவமைத்தவர்கள் முதலிலேயே கேட்டிருக்கிறார்கள்.

அதே சென்னையில் இதற்கு நேர்மாறான பாடமும் இருக்கிறது, கண்டிக்காக அதையும் சொல்லியாக வேண்டும். தென்மாவட்டங்களுக்கான வெளியூர் பஸ்களைக் கோயம்பேட்டிலிருந்து மாற்றுவதற்காக, நகருக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் ஒரு பெரிய பஸ் முனையம் கட்டி 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கட்டடத்தில் குறை இல்லை. கோயம்பேட்டில் வாசலிலேயே மெட்ரோ இருந்தது. கிளாம்பாக்கத்திலோ, புறநகர் ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும், நின்று ஏற ஒரு நிலையம் திறப்பு நாளில் இருக்கவில்லை. நள்ளிரவில் வந்து இறங்கியவர்கள் நகருக்குள் போக வழியின்றித் தவித்த செய்திகள் அப்போது நாளேடுகளில் தொடர்ந்து வந்தன. கண்டியில் ரயில் நிலையத்தை ஒட்டிய குட்ஷெட் பஸ் நிலையப் பகுதியில், உலக வங்கியின் நிதியுதவியோடு பல்வகைப் போக்குவரத்து முனையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. இடத்தேர்வு மிகச் சரியானது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மக்கள் நெடுங்காலமாக வந்து இறங்கும் இடம் அது. ஆனால் ரயில் மேடையிலிருந்து பஸ் மேடைக்கு மழையில் நனையாமல் நடக்க முடியுமா, ரயில் தாமதமானால் பஸ் மேடையில் அறிவிப்புக் கேட்குமா, உடரட்ட மெனிக்கே போலக் கண்டிக்குள் வராத ரயில்களில் பேராதனைச் சந்தியில் இறங்குகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விகளுக்கெல்லாம் கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு முன்பே விடை இருக்க வேண்டும். வைத்தியசாலைக்கு வருகிறவர்களும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களும் அந்த விடைகளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

நானுஓயாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுவரெலியா நகருக்கு இன்று ரயில் இல்லை. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குத் தொடங்கி, பிறகு கந்தப்பளை, இராகலைப் பக்கம் நீண்ட குறுகிய ரயில் பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது. அதனால் மாவட்டத்தின் தலைநகருக்குச் செல்லும் ஒவ்வொரு ரயில் பயணியும் நானுஓயாவில் இறங்கி, மீதிச் சுமார் 8 கிலோமீற்றரை வீதியில் கடக்கிறார். சுற்றுலாப் பயணிகளுக்கு வேன்கள் வரிசையாக நிற்கின்றன. மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் உள்ளூர்க்காரருக்கு, ஒவ்வொரு ரயிலுக்கும் ஏற்ப ரயில் நிலைய வாசலில் ஒரு பஸ் உறுதியாக நிற்க வேண்டும்.

பஸ் காத்து நின்றால் அதில் ஏற்கெனவே ஏறி அமர்ந்திருப்பவர்களுக்குச் சிரமம் என்பதையும், தனியார் பஸ் உரிமையாளர்களுக்கு நேரம் என்பது வருமானம் என்பதையும் அறிவேன். அதனால் எல்லா பஸ்களையும் காக்க வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வழித்தடத்திலும் கடைசி பஸ்ஸை மட்டும் கடைசி மாலை ரயிலோடு கட்டிவிடுங்கள். காத்திருப்புக்கு 30 நிமிடம் என்று ஓர் எல்லை வையுங்கள். அதற்குள் புறப்படும் பஸ்ஸுக்கு அபராதம் கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். மண்சரிவாலோ தடம் புரள்வாலோ ரயில் அதற்கு மேல் தாமதமாகும் நாட்களில், ஹட்டன், நுவரெலியா டிப்போக்களிலிருந்து போக்குவரத்துச் சபையின் ஒரு பஸ்ஸை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதை இப்போதே தீர்மானியுங்கள். அந்த இரவில் யாரைக் கேட்பது என்று நிலைய அதிபர் தடுமாறக் கூடாது. சென்னையில் மெட்ரோ, புறநகர் ரயில், மாநகர பஸ் மூன்றையும் ஒருங்கிணைப்பதற்கென்றே சட்டப்படி ஒரு குழுமம் இருக்கிறது. 2025இல் மூன்றுக்கும் பயணச்சீட்டு எடுக்க ஒரே செயலியையும் அது கொண்டுவந்தது. நமக்குச் செயலி பிறகு வரட்டும். பொறுப்பாக ஓர் அதிகாரியின் பெயர் முதலில் வேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர். ரயில் தாமதம், மேடை மாற்றம், பஸ் காத்திருக்கிறதா இல்லையா என்ற அறிவிப்புகள் தமிழில் ஒலிக்காவிட்டால், காத்து நிற்கும் பஸ்ஸைக்கூட ஒரு மூதாட்டி தவறவிடுவார். நிரந்தரப் பலகைகள் மட்டும் மும்மொழியில் இருந்தால் போதாது. அன்றைய நாளின் செய்தியும் அதே மொழிகளில் வர வேண்டும்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும், தலவாக்கலையிலிருந்து டயகமவுக்கும் செல்லும் கடைசி பஸ்களில் இதை மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை நாள் ரயில் தாமதமானது, எத்தனை நாள் பஸ் காத்தது, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை நேரக் காப்பாளர்களும் நிலைய அதிபர்களும் குறித்துவரட்டும். அந்தக் கணக்கை நிலைய வாசலில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். தொடங்கும் திகதியையும் பொறுப்பான அதிகாரியின் பதவியையும் குறிப்பிட்டு, இம்மடலுக்கு எழுத்துமூலம் தமிழில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையக ரயில் பயணி ஒருவர்