இசைத்தட்டில் இல்லாத ஆண்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய 78 சுழற்சி (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டுகளை வானொலியில் ஒலிபரப்புவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘அறுபது வருடம் தாண்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் போடலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் சின்னச் சின்ன சமுதாய வானொலிகள் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. அப்படி ஒரு வானொலிக்குத் தட்டுகளைத் தேர்ந்து கொடுக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு தட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. பதிவு செய்து வெளியிட்ட கம்பெனியின் ஒலிப்பதிவு உரிமை ஒன்று. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் ஆகியோரின் உரிமை இன்னொன்று. முன்னதற்குத் தட்டு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு. பின்னதற்குப் படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. (முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் எழுத்துகளின் உரிமை 1991 உடன் முடியவிருந்த வேளையில் 60 ஆக்கினார்கள்.) தியாகராஜர் கீர்த்தனை ஒன்று 1960இல் தட்டாக வந்திருந்தால், 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதற்காக யாருக்கும் பைசா தர வேண்டியதில்லை. ஆனால் பாபநாசம் சிவன் பாட்டு ஒன்று 1944இல் தட்டாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவு உரிமை 2004 உடன் போய்விட்டது. அவர் 1973இல் காலமானார். ஆகவே பாட்டின் உரிமை 2033 முடியும்வரை உண்டு. தட்டு பழசாகிவிட்டது என்பதற்காகப் பாட்டுக்குரிய ராயல்டியைத் தராமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

பாரதி பாடல் வரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் பாடல்களைத் தட்டில் பதியும் உரிமையும் ஒலிபரப்பும் உரிமையும் ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பன் கையில் இருந்தன. 1949இல் சென்னை மாகாண அரசு அவற்றைப் பெற்றது. பிறகு பாரதி எழுத்து எல்லோருக்கும் பொதுவானது. ஒரு கவிஞனின் பாட்டை வானொலியில் பாடுவதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

சரி, கணக்கு தெரிந்துவிட்டது, போட்டுவிடலாமே என்றால் அங்கேதான் சிக்கல். சட்டம் ஆண்டைக் கேட்கிறது; தட்டில் ஆண்டு இல்லை. கையில் எடுத்துப் பாருங்கள். லேபிளில் கம்பெனி பெயர், பாடியவர் பெயர், ராகம், தாளம், பட்டியல் எண் எல்லாம் இருக்கும். லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பதிவு எண் ஒன்று கீறியிருக்கும். ஆண்டு மட்டும் அநேகமாக எங்கும் இருக்காது. ஒலிப்பதிவின் மேல் முதல் வெளியீட்டு ஆண்டைப் போட்டே ஆக வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ பிரிவைச் சேர்த்ததே 1984இல்தான். அதற்குள் 78 சுழற்சித் தட்டுகளின் காலமே முடிந்துவிட்டது. போதாததற்கு, அதே பதிவை வேறு எண்ணில் மறுபடி வெளியிட்டிருப்பார்கள், பிறகு எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டில் சேர்த்திருப்பார்கள். எல்.பி. வந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டால் முடிந்துபோன உரிமைக்கு உயிர் வந்துவிடும்.

ஒரு தட்டு எந்த ஆண்டு வெளிவந்தது என்று ஓர் இசை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். பதிலில் கட்டணத் தொகை இருந்தது, ஆண்டு இல்லை. பயந்துபோன நிலையத்தார் அந்தத் தட்டை ஓரமாக வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இப்படி எத்தனை குரல்கள் அலமாரியிலேயே கிடக்கின்றனவோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. உரிமை கோருகிறவர்தான் ஆண்டையும் சொல்ல வேண்டும். பட்டியல் எண், பதிவு எண், வெளியான ஆண்டு என்று மூன்றே விவரங்களை அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் போதும். உரிமை மிச்சமிருந்தால் நிலையங்களுக்கும் வழி இருக்கிறது: அதே சட்டத்தின் 31டி பிரிவின்படி முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டி ஒலிபரப்பலாம், உரிமையாளர் மறுக்க முடியாது.

அதே பிரிவு, எழுதியவர், இசையமைத்தவர், முதன்மையாகப் பாடியவர் பெயர்களை ஒலிபரப்பின்போது அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை நிலையங்கள் இதைச் செய்கின்றன? பாடகருக்கென்று தனி உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான். 78 சுழற்சித் தட்டில் பாடியவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காலம் கடந்துபோன தட்டானாலும், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், பெயரைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ‘ஒரு பழைய பாடல்’ என்று மட்டும் அறிவிப்பது அநியாயம்.

உங்கள் இதழால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு. கொலம்பியா, ஓடியன், ட்வின் போன்ற கம்பெனிகள் புதுத்தட்டுகளுக்கு அச்சிட்ட பட்டியல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பத்திரமாக வைத்திருக்கும் வாசகர்கள் கட்டாயம் இருப்பார்கள். தட்டின் ஆண்டுக்கு அவைதான் சாட்சி. அவற்றின் முகப்பையும் எண்கள் உள்ள பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். வருகிறவற்றைத் தொகுத்து அட்டவணை போட்டுத்தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகர்