பெயரைச் சொல்லுங்கள்

கொழும்பின் தமிழ் வானொலி அறிவிப்பாளர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். சிங்களம் என்று சொல்ல உங்களுக்கு ஏனோ வாய் வருவதில்லை. ‘சகோதர மொழி’ என்கிறீர்கள். முஸ்லிம்கள் ‘சகோதர இனத்தவர்’ ஆகிவிடுகிறார்கள். மரியாதைக்குத்தான், தெரியும். ஆனாலும் பெயரைச் சொன்னால் என்ன?

சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் கிடந்தவன், சக, உதரம். எனக்கும் ஒருவர் இருக்கிறார், கனடாவில். கொட்டாஞ்சேனை வீட்டு உறுதிப் பத்திரத்தால் மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறது என்றதும் வந்து நின்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அப்போதும் பேசவில்லை. ஆனால் இராச் சாப்பாட்டுப் பார்சல் இரண்டாக வந்தது. எனக்குப் பிடிக்காத கத்தரிக்காயை எடுத்துவிட்டுக் கட்டச் சொல்லியிருந்தார்.

கோயிலடியில் வேறு கதை. பூசையில் பாதர் ‘சகோதர சகோதரிகளே’ என்றால் முன்பின் தெரியாதவனும் அதற்குள் வந்துவிடுகிறான். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்களுக்கும் அப்படித்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அங்கேதான் 2019 ஏப்ரல் 21 குண்டு வெடித்தது. அதன்பின் எங்கள் தெருவில் பலர் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போவதை விட்டார்கள். நானும் இரண்டு கிழமை போகவில்லை. நானா என்றாலும் அண்ணன்தானே! அந்த நாட்களிலும் உங்கள் செய்தியில் அவர் ‘சகோதர இனத்தவர்’.

கூட்டாளிமார் விஷயத்தில் இந்த ஊர் கெட்டிக்கார ஊர். மைத்துனரைச் சிங்களவர் ‘மஸ்ஸினா’ என்பார்கள். கூட்டாளி அவர்களுக்கும் ‘மச்சான்’. காலி வீதி பஸ்ஸில் மூன்று இனப் பொடியன்களும் அந்த ஒரு சொல்லால்தான் ஏசிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் சகோதரன் என்பதில்லை.

போன மாதம் ஒரு கந்தோரில் படிவம் கேட்டேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. எனக்குக் கிடைத்த படிவம் சகோதர மொழியில் மட்டும் இருந்தது. பங்கு கேட்கும் இடத்தில் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘படிவம் சிங்களத்தில் மட்டுமே’ என்று செய்தி வாசியுங்கள். ‘முஸ்லிம் கடைகளுக்கு ஆட்கள் போகவில்லை’ என்று வாசியுங்கள். கேட்பவனுக்கு உறைக்கட்டும்.

மூன்றாம் கிழமை நானாவின் கடைக்குப் போனேன். சீனியை நிறுத்தபடி, தலை நிமிராமல் கேட்டார்: “என்ன தம்பி, காணவே கெடைக்கல்ல?”

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை நேயர் ஒருவர்